கறுப்புடை விருந்தினரும் நம் கடற்றுறை நகரும்

பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பணித்தபோது, என் பள்ளி நாட்களைப் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அத்தகைய கட்டுரைகள் இம்மலரில் வேறு பல வருமாதலின், நான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். பொருள் சிறிது விநோதமானது; மங்கலமான வெள்ளிவிழா, பொன்விழா மலர்களில் இடம்பெறத் தகாதது என்றும் சிலர் கருதக்கூடும். எனினும், முகஞ்சுளிப்பதன் முன் இறுதிவரை வாசிக்கும் பொறுமையை அன்பர்களிடம் வேண்டுகின்றேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாட் பிற்பகல். கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கியிருந்தது. கடல் ஈயம்போற் கறுத்துக் கிடந்தது. கோட்டை வாயிலை அடுத்த மைதானத்து ஓரமாக நான் நடந்துகொண்டிருக்கையில், முச்சக்கரவண்டி ஒன்று என்னருகே நின்றது. வண்டிக்காரத் தம்பி எனக்கு அறிமுகமானவன். “ஐயா, இவை ரெண்டு பேரும் ஆரோ செத்த ஆளைத் தேடி வந்திருக்கினம். சொந்தக்காரரோ தெரியேல்லை. ஒருக்கா என்னெண்டு கேளுங்கோ” என்றான். உள்ளே ஓர் ஆங்கிலேயரும் அவர்தம் மனைவியும் இருந்தனர். இருவரும் தலைமுதற் கால்வரை கறுப்பே உடுத்தியிருந்தனர். அம்மையாரின் கழுத்தில் கருங்கல் மாலை. விரல்களில் மண்டையோடு பொறித்த வெள்ளி மோதிரங்கள். கண்ணிமைகளில் நம் பாட்டிமார் குழந்தைக்கு இடுவதினும் பன்மடங்கு தடித்த மை. அப்புழுக்கத்தில் அம்மையும் மாவும் உருகி வழிந்தமை கண்டு எனக்கு இரக்கமே உண்டாயிற்று. அவர்கள் தேடியது நம் நகரத்துப் பழைய ஆங்கிலேயர் சேமக்காலையை. சேமக்காலையோ பூட்டிக் கிடந்தது. திறவுகோல் எவரிடம் உள்ளதென்று வினாவி மூன்று இடங்களுக்குச் சென்றோம். மூன்று இடத்தாரும் மற்றை இரு இடத்தாரைச் சுட்டினர். ஈற்றில் கம்பிகளினூடே கல்லறைகளைப் பார்த்துவிட்டு, தேநீர்க்கடை ஒன்றில் மழைக்கு ஒதுங்கினோம். அங்கு அவர்களிடம் கேட்டறிந்தவையும், பின்னர் நானே நூல்களிற் படித்தறிந்தவையுமே இக்கட்டுரைக்கு வித்து.

கோத் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஒரு சாரார் மேலை நாடுகளில் உளர். பெயர் பழையது, வழி புதிது. கோத்தியர் என்போர் கி.பி. 410 இல் உரோமாபுரியைச் சூறையாடிய ஒரு கூட்டத்தார். ஆயிரம் ஆண்டுகளின் பின் இத்தாலிய அறிஞர், தமக்குப் பிடியாத கூர்வளைவுத் தேவாலயக் கட்டடங்களை அப்பெயராற் சுட்டி இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சிச் சொல்லே பின்னர்ப் பெருமைச் சொல்லாயிற்று. 1764 இல் ஹொரேஸ் வால்ப்போல் என்பார் பாழ்மாளிகையும் ஆவியும் நிறைந்த ‘ஒற்றிராந்தோ மாளிகை’ என்னும் நவீனத்தை வெளியிட்டார். அதனை ஆங்கில ‘கோதிக்’ நவீனங்களுக்குத் தாய் என்பர். 1970களின் இறுதியில் இங்கிலாந்தின் இளைஞர் சிலர் துயரமும் இருளும் தோய்ந்த ஓர் இசையைத் தொடங்கினர். பௌகவுஸ் என்னும் குழுவினர் 1979 இல், திரைப்படத்தில் டிராக்குலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரால் ஒரு பாட்டு வெளியிட்டனர். 1982 இல் இலண்டனில் அவ்விசைக்கென்றே ஓர் இரவுக்கழகம் திறக்கப்பட்டது. கறுப்பு உடையும், வெண்ணிற முகப்பூச்சும், கல்லறைத் தோட்டங்களில் உலாவும் வழக்கமும் அதனோடு வளர்ந்தன. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1992 முதல் நடைபெறும் விழாவிற்கு இருபதினாயிரம் பேரளவில் வருகின்றனராம். இவர்கள் பேயை வணங்குவோர் அல்லர். பிறருக்குத் தீங்கு செய்வோரும் அல்லர். ஆசிரியராகவும் தாதியராகவும் கணக்காளராகவும் தொழில் புரிந்துவிட்டு, ஓய்வு நாளில் கறுப்பு உடுத்திப் பாழடைந்த மதில்களைத் தேடிச் செல்வோர். நான் கண்ட அம்மையார் பல் வைத்தியர்.

இவர்கள் நம் நகரில் தேடியது யாருடைய கல்லறை? சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதியுடையது. ஆங்கில இலக்கியம் கற்ற பழைய மாணவர் இப்பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவர் என்பது திண்ணம். ஜேன் ஒஸ்ரின் அம்மையாரின் இளைய தம்பி இவர். 1801 இல், கடற்போரிற் கிடைத்த பரிசுப் பணத்திலிருந்து தம் தமக்கையர் இருவர்க்கும் புட்பராகச் சிலுவைகள் வாங்கியனுப்பிய தம்பி. கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைவராயிருந்து, இரண்டாம் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் வாந்திபேதி கண்டு 1852 ஒற்றோபர் 7 ஆம் நாள் இறந்தார். அவரது உடல் திருக்கோணமலையில் அடக்கஞ் செய்யப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமக்கையார் எழுதிய நவீனங்களுள், அவர் மறைந்த பின் 1817 இன் இறுதியில் வெளிவந்த ‘நோதாங்கர் அபி’ என்பது இந்தக் கோதிக் மோகத்தையே நகையாடுவது. பேய்க்கதைகளிலே தோய்ந்த ஓர் இளம்பெண், பழைய மடமாயிருந்த மாளிகைக்கு விருந்தினளாகச் செல்கிறாள். நள்ளிரவில் ஒரு பேழையைத் திறந்து மருமமான ஏட்டுச்சுருளைக் கண்டெடுக்கிறாள். பொழுது விடிந்து வாசித்தால், அது சலவைத்தொழிலாளியின் கணக்கு! அந்நூலை வகுப்பிற் படித்த நாளில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தகைய அம்மையாரின் உடன்பிறந்தான், கறுப்புடை அன்பர்கள் பாதி உலகைக் கடந்து வந்து தேடும் பொருளாக நம் ஊர் மண்ணிற் கிடக்கின்றார். தமக்கையார் அறிந்திருப்பின் இன்னொரு நவீனம் எழுதியிருப்பார்.

இனி, இம்மாந்தரை நம்மவர் நோக்கும் நோக்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தேநீர்க்கடையிலிருந்த ஒருவர், “இதென்ன கோலம்? இழவு வீடோ?” என்றார். வேறொருவர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தார். கறுப்பு நமக்கு அமங்கலம். மயானம் சென்று மீண்டால் தலைமுழுகாது வீட்டினுட் புகோம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் மாலையிட்டு விரதம் பூண்டு சபரிமலை செல்லும் ஐயப்ப அடியார் உடுப்பதும் கறுப்பே. ஆகவே நிறத்தின் மீதன்று நம் குறை. அதை உடுப்போர் அந்நியர் என்பதன் மீதே.

இன்னும் உற்று நோக்கின், இருளையும் இடுகாட்டையும் பாடும் கலையில் நாம் எவர்க்கும் இளைத்தோமல்லேம் என்பது புலனாகும். கோணமாமலை அமர்ந்த பெருமான் யாண்டு ஆடுகின்றான்? சுடலையில் அன்றோ? அவன் பூசியது யாது? அணிந்தது யாது? மண்டையோட்டு மோதிரம் அணிந்த அம்மையாரைக் கண்டு கோயில் அறங்காவலர் திடுக்கிடலாம். உள்ளே வீற்றிருப்பவன் திடுக்கிடான் என்றே நினைக்கின்றேன். காரைக்காலம்மையார் தம் அழகிய ஊனுடம்பை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர். தலையாலே நடந்து கயிலை சேர்ந்தவர். திருவாலங்காட்டு இடுகாட்டையே தமக்கு இனிய இடமாகக் கொண்டவர். எலும்பெழுந்த அவரது செப்புத் திருவுருவம் ஒன்று பொலனறுவையிலே கிடைத்தது. கொழும்பு நூதனசாலையில் உளது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தை வாசித்தோர் அவ்விடுகாட்டை மறப்பரோ? அங்கு இரவிற் புகுந்து அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலனையும் அவன் தாய் கோதமையையும் மறப்பரோ? செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில், போர்க்களத்துப் பேய்கள் கூழடும் சமையலை எத்துணைச் சுவையுடன் பாடியுள்ளார் என்பதைத் தமிழ்ப் பண்டிதர் அறிவர். ஒருகால் நம் கல்லூரியைப் பேணி வளர்த்த விபுலாநந்த அடிகள், ‘மதங்க சூளாமணி’ எழுதிச் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கியவர். மேலைச் சரக்கென்று எதையும் வாயிலில் நிறுத்திவிடாது, உள்ளே அழைத்து நம் அளவுகோலால் அளந்து பார்த்தவர். அவ்வழி நின்று நோக்கின், இந்தக் கறுப்புடையார் நமக்குத் தூரத்து உறவினரே எனலாம். அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை ஒன்று: நம் புலவர் இடுகாட்டினூடே அதற்கப்பாலுள்ள ஒன்றைக் கண்டனர், இவர்கள் அங்கேயே அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அது குற்றமாகாது.

நான் சந்தித்த இருவரும் இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள விற்பி என்னும் ஊருக்கு ஆண்டுதோறும் செல்பவர். அவ்வூரைப் பற்றிக் கேட்கக் கேட்க, நம் நகரையே கண்ணாடியிற் காண்பது போன்றதோர் உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று. விற்பியும் ஒரு துறைமுகம். கப்பித்தான் குக் கடற்றொழில் பயின்றது அங்கேதான். கடலுக்கு மேலே குன்று, குன்றின்மீது கி.பி. 657 இல் தோன்றிய ஒரு மடத்தின் பாழ். கீழிருந்து மேலேற 199 படிகள். 1914 திசெம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் கடலிலிருந்து சுட்டபோது அப்பாழ்மதிலும் அடிபட்டது. பிராம் ஸ்ரோக்கர் 1890 இல் அங்கு ஓய்வுக்குச் சென்று, ஊர் நூலகத்தில் ஒரு பழம் நூலைப் புரட்டுகையில் டிராக்குலா என்னும் பெயரைக் கண்டு குறித்துக்கொண்டார். சில ஆண்டுகளின் முன் அக்கரையிலே தரைதட்டிய ஓர் உருசியக் கப்பலின் கதையையும் கேட்டறிந்தார். 1897 இல் வெளிவந்த அவர் நவீனத்தில், பிணமாகிய மாலுமி சுக்கானிற் கட்டுண்டிருக்க, ஒரு கப்பல் விற்பித் துறையில் வந்து மோதுகின்றது. பெரிய நாயொன்று அதிலிருந்து பாய்ந்து இருளில் மறைகின்றது. இதன் பயனாக, 1994 இல் எழுதுகோல் நண்பர் சிலர் அவ்வூரில் ஒன்றுகூடினர். அக்கூட்டம் வளர்ந்து ஆண்டுக்கு இருமுறை ஆயிரக்கணக்கானோர் கூடும் விழாவாயிற்று. முன்னெல்லாம் கோடை முடிந்ததும் கதவடைத்த விடுதிகள் ஒற்றோபர் இறுதியில் நிரம்பி வழிகின்றன. விக்ரோறியா மகாராணியார் கணவனை இழந்து 1861 இல் துக்கம் பூண்டபோது பெரும்பெயர் பெற்ற விற்பிக் கருங்கல் அணி, இன்று இவர்களால் மீண்டும் விலைபோகின்றது. அம்மையாரின் கழுத்திலே நான் கண்டது அதுவே.

ஒற்றோபர் இறுதி என்றேன். ஈண்டுதான் நம்மவர் செவிசாய்க்க வேண்டும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி நடத்துவோருக்கு மே முதல் செப்ரெம்பர் வரையே அறுவடை. வாடை பிறந்து கடல் கொந்தளித்ததும், வெண்மணலும் நீலக்கடலும் நாடி வந்தோர் தென்மேற்குக் கரைக்குப் பெயர்ந்துவிடுவர். படகோட்டிகள் படகை மேலேற்றிக் கவிழ்த்துவிடுவர். விடுதிப் பணியாளர் பலர் ஊர் திரும்புவர். கார்த்திகை, மார்கழி மழையில் நம் நகரம் அழகற்றது என்று எவர் சொன்னார்? சுவாமிமலை முனையில் நின்று, கீழே இராவணன் வெட்டிலே அலை புகுந்து முழங்குவதைக் கேட்க வேண்டுமாயின் அதற்கேற்ற பருவம் அதுவே. வெயில் வேண்டுவோர்க்கு விற்க முடியாத அவ்விருண்ட நான்கு திங்களை, இருளை விரும்புவோர்க்குக் காட்டலாம் அன்றோ? கறுப்புப் பட்டு உடுத்தி வருவோர்க்கும் அப்பருவமே தாங்கும். சித்திரை வெயிலில் வந்தால் ஒருவரும் மீளார்.

காட்டுதற்கு நம்மிடம் உள்ளவை எவை? போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624 ஐ ஒட்டி எழுப்பிய கோட்டை; ஒல்லாந்தர் 1639 இற் பறித்து, பின்னர்த் திருத்திக் கட்டியது; 1782 என்னும் ஒரே ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கும் பிரான்சியர் கைக்கும் மாறியது. வாயிற் கல்லிலே இன்றும் தமிழ்ச் சாசனமும் இணைக்கயலும் காணலாம். புள்ளிமான்கள் மேயும் அம்மதிலுக்குள் புகுந்து மேலேறினால் கோயில். இடிபட்ட கோயிலின் திருவுருவங்கள் சில 1950 இல், கிணறு தோண்டுகையில் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. 1956 இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி அதன் தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டனர். 1963 இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கடலடியில் ஒரு கோயில் கிடக்க, மேலே அதன் வாரிசிற்கு மணி ஒலிக்கும் ஊர் வேறு எங்குளது? விற்பியின் பாழ்மடம் பாழாகவே நின்றுவிட்டது. நம் பாழ் உயிர்பெற்று எழுந்தது. இவ்வேறுபாட்டை நாம் வருவோர்க்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றிய இடமென்பது ஐதிகம். அதனாலேயே நம்மவர் அந்தியேட்டிக்கு அங்கு செல்வர். உப்புவெளியில், முந்நூற்றுக்கு மேற்பட்ட போர்வீரர் துயிலும் பொதுநலவாயப் போர்ச் சேமக்காலை உளது. அதன் புற்றரையும் பூச்செடிகளும் பேணப்படும் செம்மையைப் பார்த்து நாம் வெட்கமுறலாம். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள், 1942 ஏப்பிரில் 9 இன் யப்பானிய விமானத் தாக்குதல் முதலியவற்றை ஒவ்வொன்றாக விரிப்பின் மலரின் பக்கங்கள் போதா. மேசர் மோல்ஸ்வேத் என்பாரை மட்டும் விடுத்தல் கூடாது. இந்நகரிலே தொலைநோக்கி அமைத்து, இரவிரவாக விழித்திருந்து வியாழனையும் செவ்வாயையும் வரைந்த இராணுவப் பொறியியலாளர் அவர். 1908 இல் இங்கேயே மறைந்தார். செவ்வாயில் ஒரு குழிக்கு அவர் பெயர் உண்டு. நம் தெருக்களில் இல்லை.

ஒன்றை மட்டும் காட்டவேண்டா என்பேன். சுவாமிமலை உச்சியில் 1687 ஆம் ஆண்டு பொறித்த ஒல்லாந்தத் தூண் ஒன்றைச் சுட்டி, பிரான்சினா என்னும் நங்கை காதலனின் கப்பல் செல்வதைக் கண்டு பாறையினின்று குதித்து மாண்டாள் என்று வழிகாட்டிகள் கண்ணீர்மல்கக் கூறுவர். ‘காதலர் பாய்ச்சல்’ என்று பெயரும் இட்டனர். பழைய ஆவணங்களைத் துருவியோர், அப்பெண் அதன் பின்னரும் உயிரோடிருந்து மணம் புரிந்து வாழ்ந்தாள் என்கின்றனர். அக்கற்பனைச் சாவை அழகுபடுத்தி விற்பதால் நமக்கு என்ன இலாபம்? உயிர் வெறுத்து மனம் நைந்த இளைஞர் நிற்கும் இடங்களில் அத்தகைய கதைகள் நன்மை செய்யா. விற்பியின் மேட்டுத் தேவாலயத்தில், “டிராக்குலாவின் கல்லறை எங்கே என்று கேளாதீர், அப்படி ஒன்று இல்லை” என்னும் கருத்துப்பட ஓர் அறிவித்தல் வைத்துள்ளனர் என்று அவ்விருவரும் சிரித்துக்கொண்டு கூறினர். பொய்யை மறுத்த பின்னும் அவ்வூருக்கு வருவோர் குறையவில்லை.

எதிர்வாதம் செய்வோர் எழுந்து நிற்பதை இங்கிருந்தே காண்கின்றேன். “திருத்தலத்தைக் கேளிக்கைக் களமாக்குவதோ?” என்பர். கூடாது என்றே நானும் சொல்கின்றேன். கோயில் வீதி கோயில் வீதியாகவே இருத்தல் வேண்டும். அங்கு இசைக் கச்சேரியும் மதுவும் ஆகா. ஆயின் அமைதியாக வந்து, காலணி கழற்றி, மழையில் நனைந்த மதிலை நோக்கி நிற்பவனைக் கறுப்பு உடுத்தான் என்பதற்காக விரட்டுதல் சைவமாகாது. கடற்கரையில் அரைகுறை ஆடையுடன் கிடப்போரை வரவேற்று இளநீர் கொடுக்கும் நாம், கழுத்துமுதற் கணுக்கால்வரை மூடிக்கொண்டு வருவோரைக் கண்டு ஒழுக்கம் கெடும் என்று கூவுதல் நகைப்புக்கிடமாகும்.

வேற்றுக்கோலம் கண்டு எழும் ஏளனம் ஏளனத்தோடு நிற்பதில்லை. 2007 ஓகத்தில் இங்கிலாந்தின் பேக்கப் என்னும் சிற்றூர்ப் பூங்காவில், சோபி லங்காஸ்ரர் என்னும் இருபது வயதுப் பெண்ணும் அவள் துணைவனும் இவ்வாறு உடுத்தியமைக்காகவே ஒரு கும்பலால் மிதித்து நொறுக்கப்பட்டனர். அவள் இறந்தாள். விற்பியின் மேற்குக் குன்றில் அவள் நினைவாக ஓர் இருக்கை இட்டுள்ளனர். உடுப்பாலும் பேச்சாலும் பொட்டாலும் அடையாளங் காணப்பட்டு அடிபட்ட நினைவு, 1983 ஐக் கண்ட நம் தலைமுறைக்கு வேண்டியமட்டும் உண்டு. ஆதலின் தேநீர்க்கடையிலே பிள்ளையை இழுத்துக்கொண்டு அப்பாற் சென்ற அன்பரிடம் இதனைச் சொல்ல விரும்பினேன். அவர் அதற்குள் போய்விட்டார்.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை என்னை எழுதத் தூண்டியது. தேநீர் அருந்துகையில் அந்த ஆங்கிலேயர், ஒளிவுமறைவின்றி, “இந்நகரில் அண்மைக் காலத்துச் சாவுகளின் இடங்களும் உண்டு அல்லவா? அவற்றையும் பார்க்கலாமா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. படித்திருந்தார், அறிய விரும்பினார். எனக்கு உடனே விடை வரவில்லை. அவர் அமர்ந்திருந்த நாற்காலிக்கு நேரெதிரே தெரிந்த கடற்கரையில், 2006 சனவரி 2 ஆம் நாள் மாலை, ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 2019 இல், குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டனர். இம்மலரை வாசிக்கும் ஆசிரியருள் அம்மாணவரை அறிந்தோர் இருப்பர். உடன்பயின்றோர் இன்று நடுத்தர வயதினர். 2006 ஓகத்தில் மூதூரில் தொண்டர் பதினெழுவர் கொல்லப்பட்டதையும், 2004 திசெம்பர் 26 இல் கடல் பெருகி இக்கரையிற் கொண்டுபோனவர்களையும் அவருக்கு நான் சொல்லவில்லை.

சாள்ஸ் ஒஸ்ரினுக்காக இன்று அழுவார் எவருமிலர். அவர் கல்லறையில் ஓர் ஓவியன் அமர்ந்து வரையலாம். ஒரு மாணவன் அமர்ந்து கவிதை எழுதலாம். கறுப்புடை அணிந்தோர் நின்று படம் பிடிக்கலாம். காலம் அவருடைய சாவைக் கதையாக்கிவிட்டது. கடற்கரைச் சாவோ அவ்வாறன்று. அதற்கு அழும் தாய் உளள். நீதி கேட்கும் தந்தை உளன். விற்பியிலே கூட இவ்வழக்கு எழுந்தது. தேவாலய மேட்டுக் கல்லறைகள்மீது ஏறிக் கோலங்காட்டிப் படம் பிடிப்போரை அவ்வூரார் கண்டித்தனர். அங்கே கிடப்போருக்கு வழித்தோன்றல்கள் இன்னும் அவ்வூரிலேயே வாழ்கின்றனர் என்பதே அவர் கூறிய காரணம். நூற்றாண்டு பழைய கல்லறைக்கே அவ்வாறாயின், ஆறாத புண்ணுக்கு எவ்வளவு மரியாதை வேண்டும்? அழுவார் உள்ள இடம் சுற்றுலா இடமன்று. அங்கு அன்பர் ஒருவர் வந்து நிற்பதானால், அழுவார் அழைத்தாலன்றி வருதல் ஆகாது. கறுப்பு உடுத்திருப்பினும் வெள்ளை உடுத்திருப்பினும் அதுவே முறை. வேடிக்கை காட்டும் வழிகாட்டிகள் சிலர் இவ்விடங்களையும் தம் பட்டியலிற் சேர்த்துப் பணம் ஈட்டும் நாள் வருமென்று அஞ்சுகின்றேன். வந்தபின் கண்டிப்பதினும், வருமுன் நகரத்தார் கூடி வரையறை செய்துகொள்ளல் நன்று.

மறைத்துவிடச் சொல்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. கேட்போர்க்கு உண்மையைச் சொல்லவேண்டும். ஆண்டும் எண்ணும் வழுவாது சொல்லவேண்டும். அந்த ஆங்கிலேயருக்கும் ஈற்றில் சொன்னேன். கடற்கரையைச் சுட்டவில்லை; நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் அவ்வழியே சென்றபோது, முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கிப் படம் பிடிக்க முயலவில்லை. அவரை நான் மதித்தது அப்பொழுதே.

ஆகவே என் கோரிக்கை பெரிதன்று. விழா எடுக்கவோ, நகரைக் கறுப்புச் சாயத்தில் தோய்க்கவோ சொல்லவில்லை. பழைய சேமக்காலையின் பற்றையை வெட்டி, சாய்ந்த கற்களை நிமிர்த்தி, எழுத்துக்களைப் படியெடுத்து, ஒரு காவலாளியை அமர்த்தி, நாளொன்றுக்குச் சில மணி நேரமாவது திறந்துவைத்தால் போதும். நம் கல்லூரி உயர்வகுப்பு மாணவர் வரலாற்றாசிரியர் துணையோடு ஒரு விடுமுறையில் அக்கற்களின் பெயர்ப்பட்டியலை எழுதிவிடக்கூடும். ஆங்கிலமும் படிப்பர், நூற்றாண்டொன்றின் காய்ச்சலும் வாந்திபேதியும் எத்தனை இருபது வயது மாலுமிகளைக் கொண்டுபோயின என்பதையும் அறிவர். தலைமுழுக வேண்டுமென்று பெற்றோர் விரும்பின், கடல் அருகே உள்ளது, கன்னியாவும் தூரமன்று. செலவு குறித்துப் பழைய மாணவர் சங்கத்தார் வினாவின், என் பங்கை இம்மலர் வெளிவருமுன்னரே தரச் சித்தமாயிருக்கின்றேன்.

அவ்விருவரும் மறுநாட் காலை கொழும்புப் புகையிரதத்துக்குச் செல்லுமுன் என் வீட்டிற்கு வந்தனர். மனைவியார் கொடுத்த தோசையை அம்மையார் மூன்று முறை கேட்டு வாங்கினார். விடைபெறும்போது தம் முகவரியை என் குறிப்பேட்டில் எழுதி, “கதவு திறக்கப்படும் நாளில் ஒரு வரி எழுதுங்கள், எந்த மழையாயினும் வருவோம்” என்றார். குறிப்பேடு என் மேசைமேல் இருக்கின்றது. திறவுகோல் எவரிடம் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கின்றேன்.